நீங்க நன்றி சொன்ன மழை

(பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 17:11-19) நலம் பெற்றவர்கள் பத்துப் பேர்; திரும்பி வந்தவர் ஒருவர். நன்றி மறக்கக்கூடாது என்று இந்தப் பகுதியை வைத்துப் பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருக்கிறேன். மரக்காணம் கடற்கரைக்கு வந்த பிறகு அந்த மறையுரை எனக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை.

இங்கு வந்த முதல் ஆண்டு, இதே அக்டோபர் மாதம். கிணறுகள் வற்றிக் கிடந்த நேரத்தில் ஒரு வெள்ளி இரவு நல்ல மழை பெய்தது. ஞாயிறு திருப்பலியில் மழைக்கு நன்றி கூறி மன்றாடினேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். திருப்பலி முடிந்ததும் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா வாசலில் நின்றிருந்தார். "சாமி, நீங்க நன்றி சொன்ன மழையிலதான் எங்க பாத்தி உப்பு கரைஞ்சு போச்சு. நானும் ஆமென்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

உப்பள வேலை தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் பல நாள் வற்றவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைய வைக்க வேண்டும். அதற்குமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். உப்பு விளைந்தபின் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். ஒரே இரவு மழை இதையெல்லாம் மீண்டும் தண்ணீராக்கிவிடும். அதன்பின் வடகிழக்குப் பருவமழை முடிந்து பாத்தியைச் சீர்செய்யும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

தந்தையாம் கடவுள் எல்லார்மேலும் வெயிலையும் மழையையும் தருகிறார் என்று ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:45). நம் ஊரில் உப்புக்கு வெயில், நெல்லுக்கு மழை. ஒருவருடைய கொடை இன்னொருவருக்கு இழப்பு. கிடைத்ததற்குச் சொல்வதுதான் நன்றி என்றால், ஒரே கோவிலில் முழங்கால்படியிடும் இரண்டு குடும்பங்கள் ஒன்றாக நன்றி சொல்லவே முடியாது.

முதல் வாசகம் இங்கே எனக்கு உதவியது (2 அரசர்கள் 5:14-17). தொழுநோய் நீங்கிய நாமான், கொண்டுவந்த பரிசை எலிசாவிடம் நீட்டுகிறார். எலிசா வாங்க மறுக்கிறார். உடனே நாமான் கேட்பது என்ன? இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண்! இனி ஆண்டவருக்கு மட்டுமே பலி செலுத்துவேன் என்கிறார். கைம்மாறு செய்து கணக்கை முடிக்க வந்தவர், வழிபடுகிறவராக வீடு திரும்புகிறார்.

நற்செய்தியின் சமாரியரும் அப்படித்தான். (அந்த ஒன்பது பேர்மீது எனக்குச் சற்று இரக்கம் உண்டு. குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று இயேசு சொன்னதைத்தானே செய்தார்கள்!) இவரோ இயேசுவின் காலில் விழுகிறார். அவர் நன்றி கூறியதைக் குறிக்க லூக்கா எழுதும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'எவுக்கரிஸ்தியா' என்று நற்கருணைக்குப் பெயர் வந்தது. இறுதி இரவுணவில் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி கூறியதற்கும் அதே சொல். காட்டிக்கொடுக்கப்படவிருந்த இரவு அது. நல்லது நடந்ததால் சொன்ன நன்றி அன்று. தந்தையைத் தெரிந்ததால் சொன்ன நன்றி.

அந்த அம்மாவின் ஆமென் இந்த வகையைச் சேர்ந்தது. மழைக்காக நான் சொன்ன நன்றியைவிட ஆழமானது. ஆனால் அதைப் பாராட்டிவிட்டு நான் சாப்பிடப் போக முடியாது. "இருப்பதற்கு நன்றி சொல்லுங்கள்" என்று கூலி இழந்தவரிடம் சொல்வது மறையுரை ஆகாது. திருப்பாடல்களில் புலம்பலும் வழிபாடுதான்.

இணைச் சட்டம் 26ஆம் அதிகாரத்தில், முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து ஆண்டவர் முன் வைத்துப் பணியச் சொல்லும் சட்டம் இருக்கிறது. அது அத்துடன் நிற்பதில்லை. நிலமில்லாத லேவியரும் அந்நியரும் உன்னோடு சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது. கூடையை வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போக அதில் இடமில்லை.

எங்கள் பங்கில் பொங்கல் திருப்பலிக்கு வரும் அரிசிக் காணிக்கையின் ஒரு பங்கு உப்பளக் குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் மழைக்காலப் பசி பாதி முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு நவம்பர் முதல் ஞாயிறே காணிக்கை நேரத்தில் அரிசியைப் பீடத்தின் முன் வைக்கும்படி நெல் வீட்டாரைக் கேட்டிருக்கிறோம்.

அந்த அம்மா மறு மாசியில், புதிதாக வாரிய உப்பில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கொண்டுவருகிறார். அதிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுத்தான் எங்கள் கோவிலில் தீர்த்தம் மந்திரிக்கிறோம்.