பட்டதாரிகள் போகலாம், நிறுவனம் வரக்கூடாது

பெங்களூரு: 1838-இல் லண்டனில் தொடங்கிய லிங்க்லேட்டர்ஸ், பெரும் வங்கிகளுக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும் சட்ட ஆலோசனை கூறிப் பெயர்பெற்றது. 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய பெங்களூரு தேசிய சட்டப்பள்ளியின் பட்டதாரிகளை, 2000-களில், தேடிவந்து வேலைக்கு எடுத்த லண்டன் நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. கர்நாடக அரசின் சட்டத்தால் உருவான பள்ளி வளர்த்த அறிவு கடல் கடக்கத் தடையில்லை. அந்நிறுவனங்கள் இங்கு அலுவலகம் திறக்கவோ, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் குறுக்கே நின்றது.

ரிசர்வ் வங்கி அனுமதியோடு 1990-களில் நுழைந்த மூன்று வெளிநாட்டு நிறுவனங்களின் உரிமம் செல்லாது என்று 2009 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வந்து ஆலோசனை கூறித் திரும்பலாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம் (2012). எப்போதேனும் வரலாம், அதையே வழக்கமாக்கக்கூடாது என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் திருத்தியது. நீதிமன்றம் ஏறாமல் ஆலோசனை கூறுவதும் வழக்கறிஞர் தொழிலே என்றும் உறுதி செய்தது.

உச்சநீதிமன்றம் வரை சென்று எதிர்த்து வாதாடிய இந்திய பார் கவுன்சிலே 2023 மார்ச்சில் விதிகள் வகுத்துக் கதவைத் திறந்ததுதான் விந்தை. பதிவு கட்டாயம், வெளிநாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம் பற்றி மட்டுமே ஆலோசனை கூறலாம், இந்திய நீதிமன்றங்களில் வாதாட இயலாது. 2025 மே மாதம் அவ்விதிகள் திருத்தப்பட்டபோதும் இத்தடை நீக்கப்படவில்லை.