ஆடும் தெருக்கள் – 9: இடுப்பில் தொடங்கும் சிநேகம்

காலைத் தூக்கி வைக்க வேண்டியதே இல்லை. பாதத்தைத் தரையோடு தேய்த்தபடி தாளத்துக்கு ஓர் அடி, அடுத்த தாளத்துக்கு இன்னோர் அடி. முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், தோள் தளர்ந்திருக்கும், இடுப்பு தன்னால் அசையும். கரீபியன் தீவான டிரினிடாடின் மக்கள் இதற்கு ‘சிப்பிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கார்னிவல் ஊர்வலத்தின் அடிப்படை அடி இதுதான். ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம், பகல் முழுக்க ஆடலாம். பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் போக முடிகிறதென்றால் அதற்கு இந்த அடிதான் காரணம்.

போன வாரம் ரியோவின் சம்பாட்ரோமைப் பார்த்தோம். ஆடுபவர்கள் நடுவே போவார்கள், பார்ப்பவர்கள் இருபுறமும் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருப்பார்கள். டிரினிடாடில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. கார்னிவலைப் ‘பார்ப்பது’ அங்கே இரண்டாம்பட்சம். வேஷம் கட்டி இறங்குவதே முதல். ‘இந்த வருஷம் மாஸ் ஆடுறியா?’ என்பதுதான் அலுவலகத்திலும் பேருந்திலும் ஜனவரி மாதக் கேள்வி. மாஸ் என்பது வேடமிட்ட குழுக்களின் ஊர்வலம். ஒரு பெரிய குழுவில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். குழுவுக்குள் பல பிரிவுகள், பிரிவுக்கு ஒரு நிறம், ஓர் உடை.

சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல் நாட்கள். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே, நாலு மணி வாக்கில், ‘ஜூவே’ தொடங்கிவிடும். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் தெருக்களில் அந்த நேரத்தில் இறகும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. சேறு, எண்ணெய், சாயம், கரைத்த சாக்லேட் எது கிடைக்கிறதோ அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு ஜனம் நகர்கிறது. துணி அழுக்காகக் கூடாதென்று ஓரமாக ஒதுங்கி நின்றால் முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போவார். சட்டை போயிற்று. அதற்கப்புறம் ஒதுங்கி நிற்க என்ன காரணம் இருக்கிறது?

இந்த ஆட்டம் மனசுக்கு நல்லது என்று ஆடுகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை அளந்து பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரான்வின் டார், ராபின் டன்பார் முதலானோர் பிரேசிலில் 264 மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ஆடவைத்தார்கள். சில குழுக்கள் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தன; சிலவற்றில் ஆளுக்கொரு திசை. சிலர் நின்று முழு உடம்பையும் அசைத்து ஆடினார்கள், சிலர் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலி பொறுக்கும் எல்லை வரை இறுக்கினார்கள். உடம்பு வலியைத் தணிக்கத் தானே சுரக்கும் எண்டார்ஃபினை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் இந்தச் சுற்றுவழி. 2015இல் முடிவு வெளியானது. முழு உடம்பும் உழைத்தபோது வலி தாங்கும் திறன் கூடியது. அதிகம் உழைக்காவிட்டாலும் ஒத்திசைந்து ஆடியவர்களுக்கும் கூடியது. கூட ஆடியவர்கள் மீதான நெருக்கமும் இரண்டு வழிகளிலும் வளர்ந்தது.

கார்னிவலில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மணிக்கணக்கில் வெயிலில் உழைப்பு, கூடவே ஆயிரம் பேரோடு ஒரே தாளம்.

2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி எந்த அளவு உதவுகிறது என்பதை 218 ஆய்வுகள், 14,170 நோயாளிகள் என்ற அளவில் அலசிய அந்தக் கட்டுரையில், நடனத்துக்குக் கிடைத்த பலன் நடைப்பயிற்சியையும் யோகாவையும் மிஞ்சி நின்றது. உடனே கொண்டாடிவிட வேண்டாம். அவற்றில் நடனத்தைப் பற்றிய ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை ஆய்வாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அவற்றை வைத்து மாத்திரையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

சரி, சிநேகிதம்? ஊர்வலம் இரண்டு நாள். இரண்டு நாளில் அறிமுகம் கிடைக்கலாம், நட்பு கிடைத்துவிடாது. அது விளைவது ஊர்வலத்துக்கு முந்தைய மாதங்களில், பான் யார்டு எனப்படும் திறந்தவெளிக் கொட்டகைகளில்.

எண்ணெய் டிரம்மின் அடிப்பகுதியைச் சம்மட்டியால் குழித்து, அதில் சுரங்களைத் தட்டி எடுத்த வாத்தியம் ஸ்டீல்பான். ‘பனோரமா’ போட்டிக்குப் போகும் பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவில் யார்டுக்கு வருவார்கள். பலருக்கு சுரக் குறிப்பு படிக்கத் தெரியாது. இசையமைப்பாளர் ஒரு துண்டை வாசித்துக் காட்டுவார், முன்வரிசை பிடித்துக்கொள்ளும். பின்வரிசையில் ஒருவர் தடுமாறினால் பக்கத்துப் பான்காரர் தன் குச்சியால் அவர் பானில் இடம் காட்டுவார். இப்படியே துண்டு துண்டாக, எட்டு நிமிட இசை நூறு பேரின் மணிக்கட்டிலும் ஏறும்வரை பல வாரம். ஒரே பிழையைச் சேர்ந்து செய்து, சேர்ந்து திட்டு வாங்கி, சேர்ந்து திருத்திக்கொள்ளும் இடம் அது. வயது வந்தவர்களுக்குப் புதுச் சிநேகிதர்கள் கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு சுலபத்தில் அகப்படாது.

ஆனால் பான் என்றாலே பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. 1940களிலும் 50களிலும் பேட்டைக்கு ஒரு ஸ்டீல்பேண்ட், பேட்டைகளுக்குள் வெட்டுக்குத்து. 1950 கார்னிவலில் இன்வேடர்ஸ், டோக்கியோ என்ற இரு குழுக்கள் மோதிக்கொண்டதை பாடகர் லார்டு பிளேக்கி பின்னர் கலிப்சோ என்ற உள்ளூர்ப் பாட்டு வகையில் பாடி, அது 1954இன் ஊர்வலப் பாட்டாகவும் (ஊர்வலத்தில் அதிகம் ஒலித்த பாட்டு) ஆனது. அடிதடியைப் பாடி அதற்கே எல்லோரையும் ஆடவைத்த சாமர்த்தியம்! 1963இல் பனோரமா வந்தது. பேட்டைப் பகை மெல்ல மேடைக்கு மாறியது.

அதற்கும் முந்தைய கதை இன்னும் கசப்பானது. 1783க்குப் பிறகு குடியேறிய பிரெஞ்சுப் பண்ணைக்காரர்கள் தங்கள் மாளிகைகளில் முகமூடி நடனம் நடத்தினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1830களில் அடிமைத்தளை அறுந்ததும் விடுதலை பெற்றவர்கள் தீப்பந்தம், பறை, சிலம்பக் கழி சகிதம் தெருவைக் கைப்பற்றினார்கள். அந்த ஊர்வலத்துக்கு ‘கன்பூலே’ என்று பெயர். 1881இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் அதை நசுக்க வந்தபோது, அதுவரை தமக்குள் கழி சுழற்றிக்கொண்டிருந்த கூட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து போலீஸைத் தாக்கின. சில ஆண்டுகளில் பறைக்குத் தடை வந்தது. ஜனம் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டது. மூங்கிலுக்குப் பின் பிஸ்கட் டின், அதற்கும் பின் எண்ணெய் டிரம்.

இந்தத் தாளத்தில் நம்மவர் பங்கும் கொஞ்சம் உண்டு. 1845 முதல் 1917 வரை ஏறக்குறைய 1,43,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற போஜ்புரி பேசுகிறவர்கள். மதராஸில் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். இந்தியர் நிறைந்த லெங்குவா கிராமத்தில் வளர்ந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர் லார்டு ஷார்ட்டி, 1970களில் கலிப்சோவோடு டோலக்கையும் தண்டால் என்ற தாளக் கருவியையும் கலந்தார். அப்படிப் பிறந்த சோகாதான் இன்று உலகம் முழுக்கக் கார்னிவல்களை ஆட்டுவிக்கிறது. தேர்தல் வந்தால் ஆப்பிரிக்கர், இந்தியர் என்று பிரிந்து நிற்கும் தீவில், இரு தரப்பின் தாளத்தையும் ஒரே பாட்டில் கட்டியவர் அவர்.

கார்னிவல் கடல்தாண்டியதும் அதன் வேலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1958 கோடையில் லண்டனின் நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்து, கம்யூனிஸ்ட் என்பதால் அமெரிக்காவில் சிறைவைத்து வெளியேற்றப்பட்ட பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியன் கார்னிவலை நடத்தினார். லண்டன் ஜனவரியில் தெருவில் ஆட முடியாது; ஆகவே கூரைக்குக் கீழே. நிகழ்ச்சி மலரை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்குப் போனது. கறுப்பர், வெள்ளையர் இரு தரப்புக்கும் என்று மலரிலேயே அச்சடித்திருந்தார்கள்.

1966இல் நாட்டிங் ஹில்லில் சமூக சேவகி ரோன் லாஸ்லெட் குழந்தைகளுக்காகத் தெருவிழா நடத்தினார். வாசிக்க அழைக்கப்பட்டிருந்த ரஸ்ஸல் ஹெண்டர்சன், கழுத்தில் ஸ்டீல்பான் மாட்டிய சகாக்களோடு சும்மா நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே கூட்டம் கூடியது. அனுமதி, வழித்தடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் லட்சக்கணக்கானோரைத் திரட்டும் நாட்டிங் ஹில் கார்னிவல் அந்த நடையிலிருந்து கிளைத்தது. மறு ஆண்டே லீட்ஸ் நகரில், நெவிஸ் தீவிலிருந்து படிக்க வந்து ஊர் ஏக்கத்தில் தவித்த ஆர்தர் பிரான்ஸ் இன்னொன்றைத் தொடங்கினார். கனடாவின் டொரன்டோவிலும் அதே 1967இல்தான்.

தனிமைக்கென்று 2018இல் ஓர் அமைச்சரையே நியமித்த நாடு பிரிட்டன். துணையில்லாத நோயாளிகளை மருத்துவர்கள் தோட்ட வேலைக்கும் பாட்டுக் குழுவுக்கும் நடன வகுப்புக்கும் அனுப்பிவைக்கும் முறை அங்கே அரசு மருத்துவத் திட்டத்தில் 2019இலேயே இடம்பிடித்துவிட்டது. கார்னிவல் நடனத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஜோடி தேவையில்லை. பால்ரூம் வகுப்புக்குத் தனியாகப் போகிறவர் முதல் பத்து நிமிடம் சுவரோரம் நிற்க நேரலாம். சிப்பிங்குக்கு வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டால் போதும்.

ஜோடி வேண்டாம் என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடுப்பைச் சுழற்றி ஆடும் ‘வைன்’ (குடிக்கிற ஒயின் அல்ல) தனியாகவும் ஆடலாம், இன்னொருவரோடு ஒட்டியும் ஆடலாம். கேட்காமல் வந்து ஒட்டுகிறவர்கள் என்றைக்கும் உண்டு. 2016 கார்னிவல் முடிந்த கையோடு ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு பான் கலைஞர் கொலையுண்டு கிடந்தார். பெண்களின் நடத்தையைக் குறை சொல்லிப் பேசிய தலைநகர மேயர், எதிர்ப்பு வலுத்ததும் பதவி விலகினார். அதே ஆண்டு வெளிவந்தது, ‘என்னைத் தனியே ஆட விடு’ என்று கேட்கும் கலிப்சோ ரோஸின் பாட்டு. பாடியபோது அவருக்கு 75 வயது கடந்திருந்தது. அடுத்த கார்னிவலில் தெருவெங்கும் அதற்குப் பெண்கள் ஆடினார்கள். 1977இல் ஊர்வலப் பாட்டுப் பட்டத்தை வென்ற முதல் பெண்ணும் அவரே. மறு ஆண்டு அவர் தலைமைப் பாடகர் பட்டத்தையும் பிடிக்க, ‘கலிப்சோ கிங்’ என்ற பட்டப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இன்றைய பெரிய மாஸ் குழுக்களைச் சுற்றிக் காவலர்கள் கயிறு பிடித்து நடக்கிறார்கள். கயிற்றுக்குள் பணம் கட்டியவர்கள். சாப்பாடு, குடி, நடமாடும் கழிப்பறை எல்லாம் உள்ளேயே. வெளியே இருப்பவர் நுழைந்தால் வெளியேற்றுவார்கள். கயிறு பணக்காரரையும் ஏழையையும் பிரிக்கிறது என்று டிரினிடாடில் ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்கு அது தேவை என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

கயிற்றைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் மாஸ் கேம்ப் எனப்படும் பட்டறையில் இரவிரவாக அண்டை அயலார் உட்கார்ந்து கம்பி வளைத்தார்கள், மணி ஒட்டினார்கள், இறகு கட்டினார்கள். காசு வாங்காமல் வந்தவர்கள் நிறைய. இப்போது மணியும் இறகும் வைத்த நீச்சலுடை பாணி உடைகள் பல, சீனாவில் தயாராகிப் பெட்டியில் வந்து இறங்குகின்றன. ஆட்டக்காரர் ரசீதைக் காட்டிப் பையை வாங்கிக்கொண்டு போகிறார். தெருவில் கிடைக்கும் எண்டார்ஃபின் அவருக்கும் கிடைக்கும். பக்கத்தில் ஆடுகிறவரின் பெயர்தான் தெரியாது. கையால் கம்பி வளைக்கும் சிறு கேம்ப்புகள் இன்னும் சில இருக்கின்றன. அங்கே கூலி என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் வேலைக்கு ஆள் எப்போதும் தேவை.

(தொடரும்)