உங்களுக்குத் தெரியுமா? கணினி சொற்களை ஒட்டும் விதம்

★ புள்ளியியல் மாணவர்கள் பயன்படுத்தும் ‘ஆர்’ என்ற கணினி மொழியில் இரண்டு சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பிழைச் செய்திதான் வரும். பைத்தானில் ‘திருச்சி’யையும் ‘மாவட்டம்’ என்பதையும் கூட்டல் குறியாலேயே ஒட்டிவிடலாம். ஆரில் அந்தக் குறி எண்களுக்கு மட்டுமே. சொற்களை ஒட்ட ‘பேஸ்ட்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது.

★ ஆர் பிறந்த இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம். 1990-களின் தொடக்கத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அதற்கு முன்னோடி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் தொடங்கிய ‘எஸ்’ மொழி. ஆரின் 1.0.0 பதிப்பு வெளியான நாள் 2000 பிப்ரவரி 29. இன்றும் இலவசம்.

★ ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் வீதி என்று ஒன்றை ஒன்று வளைத்து வீதிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு உண்டு. ஆக, 12 பெயர்கள். திசைகள் நான்கையும் ஒரு பட்டியலாக, வீதிகள் மூன்றையும் இன்னொரு பட்டியலாக பேஸ்டிடம் கொடுத்தால் 12-ம் கிடைக்கும் என்றுதான் தோன்றும். கிடைப்பது நான்கே: வடக்கு உத்தர வீதி, கிழக்கு சித்திரை வீதி, தெற்கு அடையவளைஞ்சான் வீதி, மேற்கு உத்தர வீதி. ஆர் முதலோடு முதலையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டே போகிறது. மூன்று வீதியும் தீர்ந்ததும் மறுபடி முதல் வீதிக்கே வந்துவிடுகிறது. இதே நீளங்களில் எண்களைக் கூட்டியிருந்தால் ‘நீளம் பொருந்தவில்லை’ என்று எச்சரித்திருக்கும். பேஸ்டோ வாயே திறக்காது. மீதி எட்டு வீதிக்காரர்களும் பட்டியலில் இல்லை என்பது யாராவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 12-ம் வேண்டுமானால் ‘அவுட்டர்’ என்ற கட்டளைக்குள் பேஸ்டை வைக்க வேண்டும். ஒவ்வொரு திசையும் ஒவ்வொரு வீதியோடும் சேரும்.

★ அதே அவுட்டரிடம் க, ங, ச முதலான 18 எழுத்துகளையும், கால், கொம்பு, சுழி என்று 11 உயிர்க்குறிகளோடு ஒரு வெற்றுச் சரத்தையும் கொடுத்து, இடைவெளி விடாமல் ஒட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே வரியில் 216 உயிர்மெய்யும் வந்து நிற்கும்! தமிழ் எழுத்துகளின் அமைப்பு எவ்வளவு ஒழுங்கானது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

★ ‘பேஸ்ட்’ தானாகவே நடுவில் ஓர் இடைவெளி விடும். இடைவெளி வேண்டாம் என்பவர்களுக்காக ‘பேஸ்ட்0’ 2012-இல் வந்தது. பட்டியல் முழுவதையும் ஒரே சரமாக்க ‘கொலாப்ஸ்’ என்ற குறிப்பைச் சேர்த்தால் போதும். பேருந்து நிறுத்தங்களைக் கொடுத்தால் இப்படி வரும்: சத்திரம் – மாம்பழச்சாலை – திருவானைக்கோவில் – ஸ்ரீரங்கம்.

★ கணினிக்குப் புணர்ச்சி தெரியாது. ‘திரு’வையும் ‘அரங்கம்’ என்பதையும் ஒட்டினால் ‘திருஅரங்கம்’ என்றுதான் தரும். நடுவே வகர உடம்படுமெய் வந்து திருவரங்கம் ஆவதில்லை. மேலே ‘கிழக்கு சித்திரை வீதி’ என்று வந்ததே, அங்கும் ‘ச்’ விடுபட்டிருக்கிறது. ஊர்ப்பெயரோடு ‘இல்’ சேர்க்கும்போது இது இன்னும் உறுத்தும். திருச்சி ‘திருச்சியில்’ ஆகும், உறையூர் ‘உறையூரில்’ ஆகும், ஸ்ரீரங்கம் ‘ஸ்ரீரங்கத்தில்’ ஆகும். ஒரே மாவட்டத்துக்குள் மூன்று வழி. இதை எழுதித் தராத நிரல் ‘ஸ்ரீரங்கம்இல்’ என்று அச்சடிக்கும். கைப்பேசிக்கு வரும் தானியங்கிச் செய்திகளில் இப்படி நிறையப் பார்க்கிறோம். சரிசெய்வது பெரிய வேலை அல்ல. ‘ம்’ என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு ‘த்தில்’ போடு. இ, ஈ, ஐ என்று முடிந்தால் ‘யில்’ போடு. ‘ர்’ போன்ற மெய்யில் முடிந்தால் புள்ளியை எடுத்துவிட்டு ‘ில்’ ஒட்டு. சில வரி நிபந்தனைகளில் பெரும்பாலான ஊர்கள் அடங்கிவிடும். நன்னூலார் புணரியல் பகுதிகளில் வகுத்து வைத்திருப்பதும் இப்படிப்பட்ட நிபந்தனைகளைத்தான். தமிழில் செய்தி அனுப்பும் எந்த நிறுவனமும் அந்தச் சில வரிகளை எழுதாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

★ திருச்சிராப்பள்ளி என்ற பெயரில் நமக்கு 9 எழுத்து. ஆரின் கணக்கில் 17. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இதனால் தலைப்பெழுத்து ஒட்டும்போது வம்பு வரும். அப்பா பெயர் சீனிவாசன் என்றால் முதல் எழுத்தாக ‘சீ’ வராது, வெறும் ‘ச’தான் வரும். கோவிந்தனின் பிள்ளைக்கும் குமாரசாமியின் பிள்ளைக்கும் ஒரே ‘க’. கண்ணால் காணும் எழுத்தை எழுத்தாகவே வெட்டித்தர ‘ஸ்ட்ரிங்கி’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது.

★ ரூபாய்க் குறியோடு ஒரு லட்சத்தை ஒட்டினால் 100000 என்று வராது. ‘1’, ஆங்கில எழுத்து ‘ஈ’, கூட்டல் குறி, ‘05’ என்று அறிவியல் குறியீட்டில் வரும். அது எழுதச் சுருக்கமாக இருப்பதால் ஆர் அதைத் தேர்ந்தெடுக்கிறது. ரசீது அச்சடிப்பவர்கள் ‘ஃபார்மட்’ கட்டளையில் அறிவியல் வடிவம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

★ கதவு எண் தெரியாத இடத்தில் ஆர் ‘என்ஏ’ என்று குறித்து வைக்கும். அதை பேஸ்டில் போட்டால் அந்த இரண்டு எழுத்தும் முகவரியிலேயே ஏறிவிடும்.

★ கொள்ளிடம் என்ற பெயரைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ‘கொ’வில் வரும் ஒகரக் குறிக்கு ஒருங்குறியில் தனி இடம் இருக்கிறது. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டாலும் அதே ‘கொ’ தெரியும். முதலாவதை ஆர் 9 என்று எண்ணும், இரண்டாவதை 10 என்று எண்ணும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ‘கெ’ என்பதோடு காலை பேஸ்ட்0 கொண்டு ஒட்டினால் இரண்டாவது வகைதான் உருவாகும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இராது. ஆனால் ஊர்ப்பெயரை வைத்துத் தேடும்போது சில வரிகள் சிக்காமலே போகும். ஒட்டி முடித்ததும் ஸ்ட்ரிங்கியின் ‘என்எஃப்சி’ கட்டளையில் ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.