கையில் தொலைபேசி, கண்ணெதிரே பரீட்சை



உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழக வாசலை அடைவது எத்துணைக் கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு பாடுபட்டுப் பெற்ற வாய்ப்பைக் கைத்தொலைபேசி பறித்துவிட இடமளிக்கலாமா? இக்கேள்விக்கு அச்சத்தால் அன்றி அறிவால் விடை காண்போம்.

முகநூல் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் விடுதியிலே பிறந்தது. முதலில் கல்லூரி மாணவர்களுக்கே உரியதாயிருந்த அது, 2006இல் 13 வயதை எட்டிய அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

2012இல் ரேனால் ஜன்கோ என்னும் ஆய்வாளர் அந்நாட்டுக் கல்லூரி மாணவர் 1,839 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். முகநூலில் அதிக நேரம் செலவிட்டோரின் பெறுபேறுகள் பொதுவாகத் தாழ்ந்திருந்தன. ஆயினும் தகவல்களைத் தேடிப் பகிர்வது உயர்ந்த பெறுபேறுகளோடும், அரட்டையடிப்பது தாழ்ந்த பெறுபேறுகளோடும் தொடர்புற்றிருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. படிப்பில் சலிப்புற்றவரே முகநூலை நாடியிருக்கவும் கூடும் அல்லவா?

கனடாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஒரு பரிசோதனை இதனைத் தெளிவாக்குகிறது. விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலைகளையும் பார்த்த மாணவர்கள், பின்னர் நடந்த தேர்வில் குறைந்த புள்ளிகளே பெற்றனர். அவர்களது திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்த மாணவர்களின் புள்ளிகளும் குறைந்தன! ஒருவரின் கவனச்சிதறல் அருகிலிருப்பவரின் கல்வியையும் பாதிக்கின்றது. விடுதி அறையைப் பகிர்ந்து வாழும் இளைஞர்களே, இதனைச் சிந்தியுங்கள்.

அவ்வாறாயின் முற்றாகத் தடுத்துவிடலாமா? 2020இல் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம் பிள்ளைகள் பலருக்குப் பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவே வந்து சேர்ந்தன. எனவே, கருவியைப் பகைப்பது தீர்வாகாது; அதற்கு எல்லை வகுப்பதே தீர்வாகும்.

மாணவர்களே! படிக்கும் வேளையில் தொலைபேசியை மற்றோர் அறையில் வையுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம். வகுப்புக் குழுச் செய்திகளைப் பார்ப்பதற்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை படிக்கும்போது நீங்கள் திரையில் மூழ்கியிருந்தால் உங்கள் உபதேசம் எடுபடாது. அவ்வேளையில் உங்கள் தொலைபேசியையும் அதே அறையில் வைத்துவிடுங்கள். பிள்ளையின் காலம் அவனிடம் மட்டுமன்றி, உங்களிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.