மண்ணுக்குக் கடன் - 9: ஒரு மூட்டையும் நான்கு டன்னும்

இயற்கை வழிக்கு மாறும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் விளைச்சல் விழும் என்ற பயத்தைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் இயற்கை விவசாயச் சான்றிதழ் பற்றி என்று சொல்லியிருந்தேன். மும்பை தேவ்நாரில் உட்கார்ந்து எழுதும்போது வேறொரு கணக்கு விடமாட்டேன் என்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்திலேயே, செம்பூர்-டிராம்பே ஓரம், ஆர்.சி.எஃப். உர ஆலை. அங்கே தயாராகும் யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து (நைட்ரஜன்). 45 கிலோ மூட்டைக்கு 20 கிலோ சொச்சம். தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவிகிதம்தான். ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து வேண்டுமென்றால் நான்கு டன் எரு வேண்டும்! மூட்டை விலை, வேம்புப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோய்விடலாம். நான்கு டன்னை அள்ளவும், ஏற்றவும், வயலில் இறைக்கவும் ஆள் எங்கே, கூலி எங்கே?

எரு தழைச்சத்தை மட்டும் தருவதில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும். இது விவசாயிக்குத் தெரியாததல்ல. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டா வயல்களில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலில் அடுத்த போகம் எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள், விவசாயிகள் முகம் மலர்ந்து சொல்வார்கள். ரசாயன உரம் போடும் பலரும் இயற்கை விவசாயத்தை வெறுப்பவர்களல்ல. டிராக்டர் வந்தபின் தொழுவத்தில் மாடு குறைந்துவிட்டது. எருவுக்கு வழியில்லை என்பதுதான் அவர்கள் கட்சி. 2021-ல் இலங்கை ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டு, அந்த நவம்பரிலேயே பின்வாங்கியதும் இந்த நான்கு டன்னைக் கணக்கில் கொள்ளாததால்தான் என்பேன்.

மாட்டெருவுக்கு வழியில்லை என்றால், எருவாகக்கூடிய மற்றவை எங்கே போயின? அதில் நிறைய நகரங்களில் கிடக்கிறது. மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். குர்லா - செம்பூர் ரயில் பாதை 1906-ல் போடப்பட்டதே குப்பை வண்டிக்காக. பயணிகள் ஏறியது 1924-ல்தான். 1927 முதல் தேவ்நார் மேட்டில் குப்பை கொட்டுகிறோம். ஊர் ஊராக விளைந்து வந்த காய்கறியின் தோலும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக்கோடு கலந்து இங்கே மலையாகிவிட்டன.

2016 ஜனவரியைப் பாருங்கள். சிக்கிம் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது அந்த மாதம். நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்டுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததும் அதே மாதம். மாதக் கடைசியில் தேவ்நார் குப்பைமேடு பற்றி எரிந்து மும்பையே புகையில் மூடியது.

உதவி அறிவித்தாலும், கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கிடக்கும் கம்போஸ்டை வயலில் போட விவசாயி தயங்குவது நியாயம். வெறுங்காலோடு நடவு நடுகிறவர்கள் அவர்கள். மும்பை வாசகர்களே, ஈரக் குப்பையைத் தனியாகப் போடுங்கள். சான்றிதழை அடுத்த வாரம் பார்ப்போம்.