மரக்கலம் ஏறி வந்த பெயர்

மலேசியாவின் பினாங்குத் தீவிலே ஜார்ஜ் டவுன் நகரத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பெயரோடு ஒட்டி நிற்கும் 'மெரிக்கன்' என்னும் சொல்லை முதன்முறை கேட்கும் யாத்திரிகருக்கு அமெரிக்க தேசத்தின் ஞாபகம் எழுமாயின் அதில் வியப்பில்லை. ஆயினும் அச்சொல்லின் பூர்வீகம், நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை என நீளும் நம் கீழைக் கடற்கரையே ஆகும். அது மரைக்காயர் என்னும் குடிப்பெயரின் திரிபு.

மரக்கலத்தை உடையவர், அல்லது அதில் ஏறி வாணிபம் செய்தவர் மரைக்காயர் என்பது அறிஞர் சிலர் கருத்து. கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லே இதன் மூலம் என்பார் வேறு சிலர். எவ்வழி நோக்கினும் கப்பலும் கடலும் விட்டுப்போவதில்லை. குஜராத்திகளிடையே ஊர்த்தலைமையிலிருந்து பட்டேல் என்பதும், மாலுமித் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து நாகுதா என்பதும் குடிப்பெயர்களாய் நிலைத்தது போன்றதே இது. செத்தும் கொடுத்தவரென்று புகழ்பெற்ற கீழக்கரை வள்ளல் சீதக்காதியும், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலிகளும் இப்பெயருக்கு உரியவர்களே.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றிய பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய வணிகருள் முதன்மையானவர் காதர் முகைதீன் மெரிக்கன். கப்பித்தான் என்னும் சமூகத் தலைமைப் பதவி பெற்ற இவர் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், இன்றும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. 1834-இல் காலமான அவரது அடக்கத்தலமும் அருகே கம்போங் கோலத்தில் உள்ளது.

மலேசிய முஸ்லிம் ஆண்கள் தம் பெயரை அடுத்துப் 'பின்' என்றெழுதித் தந்தையின் பெயரைச் சேர்ப்பதே வழக்கமாதலால், பெரும்பாலோருக்குத் தலைமுறை கடந்து தொடரும் குடிப்பெயர் என்பதொன்று அமைவதில்லை. மெரிக்கன் குடும்பத்தாரோ தம் குடிப்பெயரை மகன் பெயரிலும் தந்தை பெயரிலும் சேர்த்தே எழுதுகிறார்கள். அமைச்சராயிருந்த ஒருவரின் முழுப்பெயர் ரீசால் மெரிக்கன் பின் நைனா மெரிக்கன். அதிலுள்ள 'நைனா'வும் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே நெடுநாள் பயின்ற பெயர்தான். மரைக்காயர் என்பதில் மரியாதைக்கு நின்ற 'அர்' விகுதி மெரிக்கன் என்னும் வடிவில் உதிர்ந்துபோயிற்று. ஆனால் பெயரை ஒருமுறைக்கு இருமுறை எழுதும் இவ்வழக்கத்தால், அந்த மரியாதை வேறுவிதமாக ஈடுசெய்யப்பட்டு விடுகிறது.