ஊரணியும் தீயணைப்பு வண்டியும்

'தீயணைப்பு' என்னும் சொல்லை மாணாக்கர் ஒரு கணம் நின்று நோக்குதல் வேண்டும். அணைத்தல் என்பது தழுவுதலைக் குறிக்கும். எரிவதை அவித்தலையும் குறிக்கும். நீரைத் தடுத்துத் தேக்கி நிறுத்தும் கரைக்கும் அணை என்றே பெயர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இறுதியாகச் சொன்ன தேக்கும் அணையே மிக நெருங்கியது என்றால் வியப்பாகத் தோன்றலாம். வண்டி எத்துணைச் சிறந்ததாயினும், ஊரில் தேங்கி நிற்கும் நீரும் அந்நீரை வண்டி அணுகுதற்குரிய வழியும் இல்லையேல், அதன் ஆற்றல் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நம் மாநிலத்தில் ஓடும் பெரிய தீயணைப்பு வண்டிகள் பலவற்றின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். குழாய்முனை ஒன்று நிமிடத்திற்கு 450 லிட்டர் பீய்ச்சுவதாகக் கொண்டால் பத்து நிமிடத்தில் தொட்டி வறளும். இரண்டு முனைகளைத் திறந்தால் ஐந்தே நிமிடம். காரைக்குடிக்குத் துணைவண்டி தேவகோட்டையிலிருந்து வரவேண்டுமெனின் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் கடக்க வேண்டும். எவ்வளவு விரைந்தாலும் அவ்வைந்து நிமிடத்திற்குள் வந்து சேராது. "வண்டி வந்தது, தண்ணீர்தான் இல்லை" என்று தீ விபத்து நடந்த இடங்களில் மக்கள் குறைகூறுதல் வழக்கம். வெறுந்தொட்டியோடு வந்தார்கள் என்பது அப்பேச்சின் கருத்து. பெரும்பாலும் அது பிழையான கருத்தேயாகும். நிறைந்து வந்த தொட்டி தீர்ந்தது. மீண்டும் நிரப்ப இடமில்லை. நடந்தது இதுவே.

செட்டிநாட்டுப் பெருவீடுகளில் இவ்விடர்ப்பாடு பன்மடங்காகும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நீண்டு செல்லும் வீட்டின் தலைவாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருக்கும். தூணும் உத்தரமும் மேல்தளமும் பர்மாத் தேக்கு. அதன்மேல் வேய்ந்த நாட்டோடு மழைநீரை வழியவிடுதற்கென்றே அமைந்தது. தெருவில் நின்று கூரைமேல் பீய்ச்சும் நீரும் மழையைப் போலவே வழிந்து முற்றத்தில் விழுமேயன்றி, ஓட்டின் கீழ் எரியும் மரத்தைத் தொடாது. ஆதலின் வீரர்கள் குழாயோடு உள்ளே புகுதல் இன்றியமையாததாகிறது. குழாய்ச்சுருள் ஒன்றன் நீளம் பொதுவாக 15 மீட்டர். வீட்டின் நீளம் 100 மீட்டர் என்று கொண்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுருள்களை இணைக்க வேண்டும். தூண்களைச் சுற்றி வளைந்து செல்வதாயின் இன்னும் கூடுதலாகும். குழாய் நீள நீள உராய்வினால் அழுத்தம் குறையும்.

எனவே, எந்தத் தெருவில் வண்டியை நிறுத்துவது என்பதே முதல் வினா. எரிவது அடுப்படியானால் பின்தெருவே அண்மை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் மலிந்த இவ்வூர்களில் எக்கட்டில் புகை கிளம்புகிறது, சாவி யாரிடம் உள்ளது என்பவற்றை அண்டைவீட்டார் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்வார்களாயின் அதனினும் பெரிய உதவி பிறிதில்லை. நல்வாய்ப்பாக, செட்டிநாட்டுத் தெருக்கள் பலவும் நேராகவும் அகலமாகவும் வகுக்கப்பட்டவை. இந்நாளில் இருமருங்கும் நிறுத்தப்படும் கார்களும் மணப்பந்தல்களுமே அவ்வகலத்தை உண்டுவிடுகின்றன.

நிறுத்துமிடம் தேர்வதற்கு வேறு சில நெறிகளும் உண்டு. காற்று வீசி வரும் பக்கத்தில் நிற்றல் வேண்டும். இல்லையேல் புகையும் பொறியும் வண்டியையே சூழும். மின்கம்பிக்கு நேர்கீழே நிற்றல் ஆகாது. பின்னால் வரும் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் வழி அடைபடக் கூடாது. சுவரின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கேனும் விலகி நிற்றல் நன்று. எரிந்த சுவர் வெளிப்புறமாகவும் சாயும். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகள் தீப்பற்றியபோது வீரவசந்தராயர் மண்டபத்தின் கல்மேற்கூரையே இடிந்து விழுந்தது. கல் எரியாது என்பது மெய். வெப்பத்தால் வெடிக்கும் என்பதும் மெய். இதனினும் கொடிய சான்று 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் நேர்ந்தது. வெடிமருந்தும் பஞ்சுப்பொதியும் ஏற்றி நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பலில் பற்றிய தீயை அவிக்க முற்பட்டு, கப்பலை நெருங்கி நின்ற தீயணைப்பு வீரர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அது வெடித்தபோது மாண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகக் கொள்ளப்படுவது அவர்தம் நினைவாகவேயாம்.

இனி நீருக்கு வருவோம். நீரைக் குழாய்வழி தீயின் அருகே கொண்டு செல்லும் முறைக்கு உலகம் கடன்பட்டிருப்பது ஓர் ஓவியருக்கு. ஆம்ஸ்டர்டாம் நகரின் யான் வான் டெர் ஹைடன் 1670களில் தோலால் தைத்த வளையும் குழாயை உருவாக்கினார். அந்நகரின் கால்வாய்கள் அவருக்கு நீர் தந்தன. நமக்கு ஊரணிகள் உள. செட்டிநாட்டில் ஊரணி இல்லாத ஊரைக் காண்டல் அரிது. வரத்துக்கால் வழியே மழைநீர் வந்து சேர, செம்பாறாங்கல்லால் படிகட்டிய அவ்வூரணிகள் குடிநீருக்கும் புழங்குநீருக்கும் அமைந்தவை. தீக்காலத்திற்கு அவை எங்ஙனம் பயன்படுகின்றன என்பதை அறிய, வண்டி நீரை எடுக்கும் முறையை அறிதல் வேண்டும்.

உறிஞ்சுதல் என்கிறோம், உண்மையில் பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயினுள் இருக்கும் காற்றைப் பிரைமர் என்னும் கருவி வெளியேற்றுகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் ஊரணி நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகிறது. காற்று தள்ளக்கூடிய உயரத்திற்கு ஓர் எல்லை உண்டு. கடல்மட்டத்தில் அது கொள்கையளவில் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டர். எவ்வளவு ஆற்றல்மிக்க எஞ்சினை வைத்தாலும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது. நம் உழவர் இதனை ஏட்டில் கற்றவரல்லர். ஆயினும் கிணற்றில் நீர் இறங்க இறங்கப் பம்புசெட்டையும் கிணற்றுக்குள் திட்டு வெட்டிக் கீழே இறக்கி வைத்தவர்கள் அவர்களே. எனவே எட்டு மீட்டருக்குக் கீழே நீர் கிடக்கும் வீட்டுக்கிணறு தெருவில் நிற்கும் வண்டிக்கு உதவாது. கரையிலிருந்து சில மீட்டர் ஆழத்தில் நீர் நிற்கும் ஊரணி உதவும். மோட்டார் வைத்த ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே எனலாம். தீப்பற்றியவுடன் காப்பு கருதி மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அப்போது அத்தெருவின் மோட்டார்களும் நின்றுபோம். வண்டியின் பம்போ அதன் சொந்த எஞ்சினாலேயே சுழல்வது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த ஊரணியை வண்டி அணுக முடிகிறதா? இங்கேதான் நம் உள்ளம் வருந்துகிறது. ஊரணிகளைத் தூர்வாரிக் கம்பிவேலியும் மதிலும் எழுப்பி, நடைபாதை அமைத்து அழகுசெய்வது பாராட்டுக்குரியதே. குப்பை கொட்டுவாரைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் வைக்கும் வாயில் ஓர் ஆள் நுழையும் அகலமாக இருந்தால் வண்டி வெளியே நிற்க வேண்டியதுதான். தொட்டியிலுள்ள நீரின் எடை மட்டுமே நாலரை டன். ஈரக் கரையில் ஏறினால் சக்கரம் புதையும். ஊரணிதோறும் ஒரு பக்கத்திலேனும் வண்டி நுழையும் அகலமான வாயிலும், நீர்விளிம்பை ஒட்டிக் கல்பாவிய உறுதியான தளமும் அமைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மதில் கட்டும்போதே இதனைச் செய்தால் செலவு மிகுதியாகாது. கட்டிய பின் இடிப்பதே செலவு. வழியில்லாத இடங்களில் வீரர்கள் சிறிய பம்பைத் தூக்கிச் சென்று நீரருகே வைப்பதும் உண்டு. அது தரும் நீர் குறைவு. ஒன்றுமில்லாமைக்கு அது மேல்.

ஊரணி தீயிடத்திலிருந்து தொலைவில் இருந்தால் ஒரு வண்டி கரையில் நின்று நீரை ஏற்ற, மற்றொன்று தீயருகே நின்று பெற்றுப் பீய்ச்சும். இருபது சுருள்கள் இணைத்தால் 300 மீட்டர் எட்டும். அதற்கும் அப்பாலாயின் லாரித்தொட்டிகளை மாறிமாறி ஓட்டுவதன்றி வேறு வழியில்லை. கூரைகளும் வைக்கோற்போர்களும் மிகுதியாகப் பற்றுவது பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிற்காலத்தில்; ஊரணிகள் வற்றுவதும் அப்போதே. ஆதலின் எந்த ஊரணியில் எம்மாதம் வரை நீர் நிற்கும், எந்த மேல்நிலைத் தொட்டியில் வண்டிக்கு நீர்பிடிக்கும் குழாய் உண்டு என்பவற்றை நிலையத்தார் தையிலேயே சுற்றிப் பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். சம்பை ஊற்றின் நீர் காரைக்குடிக்குப் பெரும்பேறு. ஆனால் குடிநீர்க் குழாயில் நீர் வரும் நேரத்தைத் தீ கேட்டு வருவதில்லை.

சென்னையில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் படை, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தைப் பெற்று, இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையாக விரிந்துள்ளது. பாம்பு பிடிக்கவும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும் அவர்களையே அழைக்கிறோம். இவற்றுக்கிடையே நாள்தோறும் அவர்கள் செய்யும் பேணுதற்பணியை எவரும் காண்பதில்லை. காலையில் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பேட்டரி, சக்கரக் காற்று, பிரேக் ஆகியன நோக்கப்படும். தொட்டி விளிம்புவரை நிரப்பப்படும். பிரைமரை இயக்கி, பம்பினுள் வெற்றிடம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உறிஞ்சு குழாயின் இணைப்பில் உள்ள சிறு வாஷர் ஒன்று வெடித்திருந்தால் போதும், அவ்வழியே காற்று புகுந்து, நிறைந்த ஊரணியின் கரையிலும் வண்டி நீரின்றி நிற்கும். சில ரூபாய் வாஷருக்காகத் தேக்குமாளிகை ஒன்று எரிதலும் கூடும்.

ஊரணி நீரை எடுத்த பின்னர் வேலை இன்னும் மிகுதி. நீரில் முங்கும் முனையில் வடிகட்டிக் கூடை மாட்டப்படும். அது சேற்றில் புதையாமலும், நீர்மட்டத்தை ஒட்டி நின்று சுழலால் காற்றை இழுக்காமலும் இடையே தொங்க வேண்டும். எவ்வளவு கவனித்தாலும் வண்டல் சிறிது பம்பினுள் ஏறிவிடும். நிலையத்துக்கு மீண்டதும் தெளிந்த நீரைச் செலுத்திப் பம்பைக் கழுவுவார்கள்; நனைந்த குழாய்களை அலசி உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள்; ஈரத்தோடு சுருட்டினால் துணி இற்றுவிடும். இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தொட்டியை நிரப்பி, வண்டியின் முகம் தெருவை நோக்கியிருக்கும்படி பின்புறமாக உள்ளே செலுத்தி நிறுத்துவார்கள்.